தாய்மாமன் மடிக்காக நடந்த கால்பந்து ஆட்டம்

கணபதி, கோயமுத்தூர்.
ஆடி மாதக் கடைசி சனிக்கிழமை.

ஆனைமலையில் இருக்கும் ரங்கம்மாள் பெத்தம்மா அவர்களின் பாதங்களைத் தொட்டு, தங்கள் தங்கை மகள் பூஜிதா எழுதிக்கொண்டது. உங்கள் முழங்கால் வலி இறங்கியதா? தென்னைக்கு உரம் வைத்தாயிற்றா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் வேலியை நகர்த்துவதை நிறுத்திவிட்டாரா? நம் வீட்டில் தெலுங்கு பேசாதவர் இல்லை, அதை எழுதத் தெரிந்தவரும் இல்லை. அதனால் எப்போதும்போலத் தமிழிலேயே எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதிவிட்டு அடித்துவிட்டேன். உடம்பு எல்லோருக்கும் சௌக்கியம்தான். அக்ஷிதாவுக்கு மேலே இரண்டு பல் வந்துவிட்டது, கீழே வந்த பல்லோடு சேர்த்து எல்லோரையும் கடிக்கிறாள். ஆனால் என் அண்ணன், தம்பி இருவர் மனசிலும் என்ன ஓடுகிறது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், நான் ஒன்று கேட்டால் உங்கள் தெருவே பதில் சொல்லும். எங்கள் கீழ் வீட்டு சபுரா அக்கா நாளை மத்தியானம் ஆனைமலையில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்கு வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். விஷயம் இதுதான். நீங்கள் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், தப்பு செய்தவர் உடம்பு எரிச்சல் தாங்காமல் உண்மையைக் கக்கும்படி, என் பெயரைச் சொல்லி மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூச வேண்டும். நானே வந்திருப்பேன், குழந்தைக்கு மிளகாய் நெடி ஆகாது. யார் மேல் என்று கேட்பீர்கள். என் கூடப் பிறந்தவர்கள் மேல்தான். இரண்டு பேரில் யார் என்று எனக்கே தெரியவில்லை, அதைத்தான் அம்மன் கண்டுபிடித்துத் தர வேண்டும்.

அக்ஷிதா பிறந்த அன்று நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கொடி சுற்றிக்கொண்டு வெளியே வர மாட்டேன் என்று படுத்துவிட்டாள். டாக்டரம்மா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார். அம்மா வராந்தாவில் நின்றபடியே, தாயும் பிள்ளையும் நல்லபடியாக வந்தால், கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் என் மாமியார் வீட்டுக் குலதெய்வத்துக்கு, குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை அடிக்கிறோம், அந்தத் தாய்மாமனும் கூடவே மொட்டை அடித்துக்கொள்வான் என்று வேண்டிக்கொண்டார். வேண்டி முடிப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் அழுகை கேட்டது. அதனால் இந்த வேண்டுதலில் ஒரு சின்ன விஷயம்கூடப் பிசகக் கூடாது என்பதில் நான் கெட்டியாக இருக்கிறேன். ஆனால் தனக்கு இரண்டு மகன்கள் என்பது சாமிக்குத் தெரியாதா என்ற நினைப்பில், எந்தத் தாய்மாமன் என்று அம்மா சொல்லாமல் விட்டுவிட்டார். மடி ஒன்றுதான். மடி கொடுக்கிறவர் தலைதான் மொட்டை. ஆவணி பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் விசேஷம்.

பேச்சு எடுத்த அன்றே இரண்டு பேரும் மடிக்கு முட்டிக்கொண்டார்கள். நவநீத் அண்ணன் எழுந்து நின்றுகொண்டு, "மூத்த மாமன் குத்துக்கல்லாட்டம் நான் இருக்கறப்ப இன்னொரு மடி எதுக்குங்? நாளைக்கு பட்டறைக்கு வர்றவங்க என்னைக் கேக்க மாட்டாங்களா?" என்றார். தம்பி ரித்விக் விடவில்லை. "அவளை மொதல்ல கையில வாங்குனது யாருங்க்கா? நானு. அண்ணன் அன்னிக்கு ஊர்லயே இல்லை. என்ற மடிதான் அவளுக்குப் பழக்கம்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் குழந்தைக்காக இப்படி அடித்துக்கொள்ள இரண்டு பேர் இருக்கிறார்களே என்று. என் வீட்டுக்காரர்தான் சண்டை முற்றுவதைப் பார்த்து, "எதுக்குங்க இத்தனை பேச்சு? சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம், குழந்தையே ஒண்ணை எடுக்கட்டும்" என்றார். உடனே இரண்டு பேரும் ஒரே குரலில், "வேண்டவே வேண்டாம்!" என்றார்கள். பெத்தம்மா, ரித்விக் பேச ஆரம்பித்த நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லி நான் கேட்டதில்லை. சீட்டு என்றால் அதிர்ஷ்டம், அதில் நம் கையில் ஒன்றும் இல்லை, திறமையால்தான் முடிவாக வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். எனக்கு அப்போதே சுருக்கென்றது. ஆனாலும் விட்டுவிட்டேன்.

அப்படித்தான் அந்தக் கால்பந்து விளையாட்டு உள்ளே வந்தது. கம்ப்யூட்டரில் ஆடுவது. அண்ணனும் தம்பியும் பல வருஷமாக ஆளுக்கொரு அணியை வளர்த்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் அணியின் பெயர் கணபதி யுனைடெட். ரித்விக் வேலைக்குப் போவது சரவணம்பட்டி என்பதால் அவனுடையது சரவணம்பட்டி சிட்டி. பந்தை யார் உதைப்பது என்று கேட்காதீர்கள், இவர்கள் உதைப்பதே இல்லை. பெத்தப்பா மில்லில் ஷிப்டுக்கு ஆள் போடுவாரே, இன்னார் இந்த மிஷினுக்கு, இன்னாருக்கு இன்று ஓய்வு என்று, அந்த மாதிரிதான். யார் முன்னால், யார் பின்னால், யார் கேப்டன், பெனால்டி கிடைத்தால் யார் அடிப்பது என்று ஆட்டத்துக்கு முன்னால் சொல்லி வைத்துவிட்டால் போதும். மீதியைக் கம்ப்யூட்டர் நடத்திக் காட்டும். இவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கத்தலாம். இந்த ஆட்டத்தில் ஜெயிப்பவருக்கு மடி என்று தீர்மானமாயிற்று. குழந்தையைப் பெற்றவள் நடுநிலையாக இருப்பாள் என்று, மைதானம், மழை, வெயில், நேரம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிற செட்டிங்ஸ் வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

நான் எம்.எஸ்சி. புள்ளியியல் படித்தவள். ஒரு வருஷமாக அந்தப் படிப்பு பால் பாட்டில் கொதிக்க வைப்பதற்குத்தான் பயன்பட்டது. அதனால் இந்த வேலையை மனசு வைத்துச் செய்தேன். மழையா வெயிலா என்று கேட்டது, இளம் வெயில் வைத்தேன், நனைந்துகொண்டு ஓடினால் யாருக்காவது சளி பிடிக்கும். காயம் படலாமா என்று கேட்டது, படக் கூடாது என்றேன். அவர்கள் நிஜ ஆட்கள் இல்லை என்று என் வீட்டுக்காரர் சிரிக்கிறார். முகம், பெயர், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது, ஒருத்தி பெற்ற பிள்ளை மாதிரித்தானே இருக்கிறார்கள். நடுவர் கண்டிப்பானவரா என்று கேட்டது, மிதம் போதும் என்றேன். கூட்டத்தின் கூச்சலை அணைத்து வைத்தேன், குழந்தை தூங்க வேண்டும். ஆட்ட நேரத்தை அவள் ஒரு தூக்கத்துக்குள் முடிகிற மாதிரி குறைத்தேன். ராகு காலத்தைத் தாண்டி ஆரம்பித்தேன். இதற்கு மேல் ஒரு நியாயமான ஆட்டத்தை எந்தத் தாயாவது ஏற்பாடு செய்ய முடியுமா?

ஆனால் அவர்கள் ஆள் போட்ட விதம்தான் எனக்கு முதல் சந்தேகத்தைக் கிளப்பியது. அந்த விளையாட்டிலும் இப்போது ஆடி மாதம்தான் நடக்கிறது. வெள்ளைக்காரர்கள் வருஷா வருஷம் ஆனியில் கடையைத் திறந்து, சரியாக ஆடியில்தான் மும்முரமாக ஆட்களை விற்கிறார்கள், வாங்குகிறார்கள். ஆவணி பாதியில் கடையைச் சாத்திவிடுகிறார்கள். அண்ணன் அணியில் கோல்கீப்பருக்கே நரை. புதிதாக ஒருவரை எடுங்கள் என்று நானே சொன்னேன்.

"ஆடியில ஆள் எடுக்கறதாவது! என்ன அம்மணி பேசறே? பட்டறைக்கு ஒரு லேத் மிஷின் இறக்கறதுன்னாக்கூட ஆவணி பொறக்கட்டும்னு நிக்கறவன் நான்" என்றார்.

அது மட்டுமல்ல. போன மாதம் எடுத்த இரண்டு நல்ல இளைஞர்களையும் வேறு அணிக்கு இரவலாக அனுப்பிவிட்டார். ஏனுங்கண்ணா என்றால், "புதுசா வந்தவங்களை ஆடிக்கு அம்மா ஊட்டுக்கு அனுப்பறதுதான மொறை?" என்கிறார். அடுப்படியில் இருந்த அம்மா, நம் பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று அவருக்கு இன்னொரு தோசை போட்டார்.

ரித்விக் அதற்கு மேல். அவனிடம் மின்னல் மாதிரி ஓடுகிற ஒரு பையன் இருந்தான், கோல் எல்லாம் அவன்தான் அடிப்பான். அவனைப் பாதி விலைக்கு யாருக்கோ விற்றுவிட்டு வந்து நிற்கிறான். "ஆடித் தள்ளுபடிங்க்கா. கிராஸ்கட் ரோடு பூராப் பாதி வெலை போட்டிருக்கான். நான் மட்டும் முழு வெலை சொன்னா எவன் வாங்குவான்?" என்றான். எதற்கு விற்க வேண்டும் என்றால், "டீமுக்கு ஒரு மாற்றம் வேணுமுங்க்கா" என்றான். பெனால்டி அடிக்கிற பொறுப்பைப் பந்தே வராத ஒரு ஓரத்து ஆளுக்குக் கொடுத்தான். இடது கால் ஆட்டக்காரர்களை வலது பக்கமும், வலது கால்காரர்களை இடது பக்கமும் நிறுத்தினான். இது என்னடா கூத்து என்றால், "ஐரோப்பாவுல இப்ப இதுதான் லேட்டஸ்ட்" என்கிறான். அண்ணன் ஒரே ஒருவரைக்கூட முன்னால் நிறுத்தவில்லை. எதிரி குழம்பட்டும் என்றார். எதிரி குழம்பினாரோ இல்லையோ, நான் குழம்பிப்போனேன். இரண்டு பேரும் கடைசி நேரத்தில் எடுத்துவிட எதையோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. அன்றிலிருந்து அவர்கள் லேப்டாப் பக்கம் போனாலே நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய் நிற்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் ஆட்டம் நடந்தது. நடந்தது என்று சொல்லக் கூடாது, நின்றது என்று சொல்ல வேண்டும். ஒறம்பரையாகப் போன சொந்தக்காரர் வீட்டில் தட்டில் கடைசி முறுக்கு ஒன்று கிடக்கும்போது, நீங்க எடுத்துக்குங்க, இல்லீங் நீங்க எடுத்துக்குங்க என்று நம் ஆட்கள் உபசாரம் செய்துகொண்டு நிற்பார்களே, அதே மாதிரி நடுவில் பந்து கிடக்க, இரண்டு பக்கமும் மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். அண்ணன் ஆட்கள் தற்செயலாக முன்னால் போய்விட்டால், "பின்னால வாங்கடா! பின்னால வா!" என்று அண்ணனே கத்தினார். ரித்விக் ஆட்கள் கோல் பக்கம் நெருங்கினால் அவனுக்கு வியர்த்தது. பூஜ்யத்துக்குப் பூஜ்யம். அம்மா மட்டும், "ரெண்டு பேரும் எவ்வளவு ஒற்றுமையா ஆடறாங்க பாரு" என்று சந்தோஷப்பட்டார்.

இன்று மறு ஆட்டம். காலையில் செட்டிங்ஸை மறுபடி சரிபார்த்து வைத்துவிட்டு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைக்கப் போனேன். சாம்பிராணி போட்டுத் தூங்க வைத்துவிட்டு வந்து பார்க்கிறேன், மைதானத்தில் மழை கொட்டுகிறது! நான் வைத்த இளம் வெயிலைக் காணோம். காயம் படக் கூடாது என்று வைத்திருந்தேனே, அது தாராளமாகப் படலாம் என்று மாறியிருக்கிறது. வீட்டில் இருந்தது அண்ணன், ரித்விக், அம்மா, அண்ணி, என் வீட்டுக்காரர். அம்மாவுக்கு டிவி ரிமோட்டே பிடிக்கத் தெரியாது. என் வீட்டுக்காரர் பேப்பரை முகத்தில் மூடிக்கொண்டு தூங்கினார், குறட்டை நிஜமானதுதான், நான் கிட்டப் போய்க் கேட்டேன். பிரத்யுஷா அண்ணியைக் கேட்டால், "நான் பஜ்ஜிக்கு மாவு கரைச்சுட்டு இருந்தேனுங், என்ற கையைப் பாரு" என்று மாவுக் கையைக் காட்டினார். அப்படியானால் மிச்சம் இரண்டு பேர்.

நான் கத்தவில்லை, பெத்தம்மா. படித்த படிப்பை வைத்து யோசித்தேன். மழை பெய்தால் யாருக்குக் கெடுதல்? ரித்விக் அணிதான் தரையோடு தரையாகப் பந்தை உருட்டி உருட்டி ஆடுகிற அணி, தண்ணீரில் பந்து நின்றுவிடும். அதனால் மழையை வைத்தது அண்ணன். காயம் பட்டால் யாருக்குக் கெடுதல்? அண்ணன் அணி முழுக்க வயசாளிகள், ஒரு முட்டு முட்டினால் எழுந்திருக்க மாட்டார்கள். அதனால் காயத்தை வைத்தது ரித்விக். ஆளுக்கொரு சதி! கணக்கு இவ்வளவு சுத்தமாக எனக்குப் பரீட்சையில்கூட வந்ததில்லை. ஆனால் ஒருவரே மழையையும் வைத்து, காயத்தையும் வைத்துப் பழியைப் பிரித்துவிடப் பார்த்திருக்கலாமே என்ற சந்தேகமும் வந்தது. அதனால் எதையும் மாற்றாமல் அப்படியே விட்டேன். ஆடட்டும், யார் முகம் மலர்கிறது, யார் முகம் வாடுகிறது என்று பார்த்தால் திருடன் தெரிந்துவிடுவான்.

ஆடினார்கள். ரித்விக் ஆட்கள் சேற்றில் எருமை மாதிரிப் புரண்டார்கள். அண்ணன் ஆட்கள் ஒவ்வொருவராகக் காலைப் பிடித்துக்கொண்டு விழ, ஸ்ட்ரெச்சர் வந்து வந்து போயிற்று. எனக்கு அந்தப் பிள்ளைகளைப் பார்க்கவே சகிக்கவில்லை. அண்ணன் மாற்று ஆள் போடவே இல்லை. ஏனுங்கண்ணா என்றால், "ஷிப்ட் முடியட்டும்" என்கிறார். நடுவில் அண்ணன் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அதை அடிக்க அண்ணன் யாரைச் சொல்லி வைத்திருந்தார் தெரியுமா? அந்த நரைத்த கோல்கீப்பரை! அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு நடந்து வரவே அவருக்கு மூச்சு வாங்கியது. அடித்த பந்து கூட்டத்தில் யார் மடியிலோ போய் விழுந்தது. கடைசி நிமிஷத்தில், ரித்விக் அணியின் கேப்டன் தன் கோல்கீப்பருக்கே பந்தைத் திருப்பித் தள்ள, அது ஈரத்தில் அவர் கையை விட்டு நழுவி உள்ளே போய்விட்டது. தன் வலையில் தானே அடித்த கோல். ஒன்றுக்குப் பூஜ்யம். அண்ணன் ஜெயித்துவிட்டார்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். ஜெயித்த அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு சோபாவில் சரிந்துவிட்டார். தோற்ற ரித்விக் அக்ஷிதாவைத் தூக்கிக்கொண்டு கூடம் பூராவும் ஆடினான். அவள் மூக்கைக் கடித்ததுகூட அவனுக்கு உறைக்கவில்லை. ஒரு தட்டு பஜ்ஜியை அவன் ஒருத்தனே தின்றான்.

அண்ணன் சொல்கிறார், "மழையில நடந்த ஆட்டம் செல்லாதுங். திரும்ப ஆடோணும்."

தம்பி சொல்கிறான், "அதெப்படிங்கண்ணா? நடுவர் விசில் ஊதியாச்சு. நீங்கதான் ஜெயிச்சீங்க. மடி உங்களுதுதான். நல்லா இருங்க."

"டேய், நான் ஜெயிச்சது நியாயமில்லைன்னு நானே சொல்றேன்!"

"நீங்க அப்படித்தான் பெருந்தன்மையாப் பேசுவீங்க. நாங்க விட்டுருவமா?"

பெத்தம்மா, எந்த ஊரிலாவது ஜெயித்தவன் மறு ஆட்டம் கேட்டதுண்டா? தோற்றவன் தீர்ப்பைக் காப்பாற்றியதுண்டா? எனக்கு ஒன்றுதான் புரிகிறது. அண்ணனுக்கு மனசாட்சி குத்துகிறது. அப்படியானால் மழை மட்டுமல்ல, எல்லாமே அவர் வேலை. இல்லை, ரித்விக் சிரிப்பதைப் பார்த்தால் ஆட்டத்தை ரத்து செய்ய ஏதோ ஒரு ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விசேஷத்தன்று எல்லோர் முன்னாலும் எடுத்து வீசப்போகிறான். எதுவானாலும், ஏமாற்றிச் சம்பாதித்த மடியில் என் குழந்தையை உட்கார வைக்க மாட்டேன். அம்மா வராந்தாவில் நின்று வேண்டிய வேண்டுதல் அது. அது சுத்தமாக நிறைவேறவில்லை என்றால் சாமி என்னைக் கேட்காது, குழந்தையைத்தான் கேட்கும். தொட்டிலில் அவள் இருமினாலே எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. முகூர்த்தத்துக்குள் யார் என்று தெரிந்தாக வேண்டும். அதனால்தான் உங்களைக் கெஞ்சுகிறேன், மிளகாய் அரையுங்கள்.

ஆனால் ஒரு வேண்டுகோள். எவ்வளவு இருந்தாலும் அண்ணனும் தம்பியும். அண்ணனுக்கு அல்சர் இருக்கிறது. ரித்விக் சின்ன வயசிலிருந்தே காரம் தாங்க மாட்டான். அதனால் குண்டு மிளகாய் வேண்டாம். காஷ்மீரி மிளகாய் என்று ஒன்று விற்கிறது, நிறம் நன்றாக இருக்கும், காரம் இருக்காது. அதில் கொஞ்சம் அரைத்தால் போதும். உண்மையைச் சொல்லவைக்கிற அளவு எரிந்தால் போதும், அதற்கு மேல் ஒரு வாரம்கூட எரிய வேண்டாம் என்று அம்மனிடம் என் சார்பாகப் பக்குவமாகச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணைக் கசக்காமல் கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

தோட்டமும் துரவும் உங்கள் கால்களும் நன்றாக இருக்க வேண்டும். அக்ஷிதா தன் முத்தத்தை இந்தக் காகிதத்தில் எச்சிலாக வைத்திருக்கிறாள், ஓரத்தில் மை கலைந்திருப்பது அதுதான். விசேஷத்துக்கு முதல் நாளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள வேண்டும், இந்தக் குடும்பத்தில் எனக்கு நம்பிக்கையான ஆள் நீங்கள் ஒருவர்தான்.

தங்கள் அன்பு மகள்,
பூஜிதா

பின்குறிப்பு: பெத்தம்மா, மிளகாய் அரைக்க வேண்டாம். வாங்கியிருந்தால் குழம்புக்குப் போட்டுவிடுங்கள். மேலே எழுதியிருப்பதை எல்லாம் தலைகீழாகப் படித்துக்கொள்ள வேண்டும். மழையை வைத்தது ரித்விக். காயத்தை வைத்தது அண்ணன். என் கணக்கு சுத்தமாகத்தான் வந்தது, ஆட்களை மட்டும் மாற்றிப் போட்டுவிட்டேன். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால், இத்தனை பக்கத்தை இனி எப்போது எழுதுவது?

இன்று காலை, நான் இப்படி உங்களுக்கு எழுதியிருக்கிறேன் என்று பிரத்யுஷா அண்ணியிடம் சொன்னதும் அவருக்குக் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது. "ஐயோ பூஜி, அம்மனைக் கூப்புட்டு உட்டுட்டியா? அவரு தலையில முன்னால இருக்கறது பூரா நட்ட நாத்துங். ராஜ்கோட்டுக்கு சரக்குப் பார்க்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயி, ஆஸ்பத்திரியில படுத்து, ஒவ்வொரு முடியா நட்டுட்டு வந்தாரு. இப்பத்தான் வேர் புடிச்சிருக்குது. அதுக்குள்ள அறுக்கச் சொன்னா மனுசன் என்ன பண்ணுவாரு?" என்றார். மாமன் முறையை விட்டுக்கொடுத்தால் ஊர் சிரிக்கும், மொட்டை அடித்தால் நாற்று போகும். அதனால் மடிக்குச் சண்டை போட்டு, ஆட்டத்தில் தோற்றுவிடலாம் என்று அண்ணனின் திட்டம். சீட்டு என்றால் வேண்டுமென்றே தோற்க வழியில்லையே! ரித்விக்கை உலுக்கினேன். அவனுக்குக் கருமத்தம்பட்டியில் ஒரு பெண் பார்த்திருப்பது உங்களுக்குத் தெரியும், விசேஷம் முடிந்த மறு வாரம் பெண் வீட்டார் வருகிறார்கள். போட்டோவில் அந்தப் பெண்ணுக்குப் பிடித்ததே அவன் முடிதானாம். "என்றதுல வேற என்னத்தைங்க்கா காட்டறது?" என்கிறான். ஆக, என் வீட்டில் இரண்டு பேரும் உயிரைக் கொடுத்துத் தோற்கப் பார்த்திருக்கிறார்கள். அதில் ரித்விக் கெட்டிக்காரன், தோற்றுவிட்டான்.

இதை எல்லாம் அம்மா அடுப்படிக் கதவருகில் நின்று கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கொண்டையை அவிழ்த்து முடியை முன்னால் போட்டுக்கொண்டு, "வேண்டுனது நான். நானே குடுத்துக்கறேன். உங்க ரெண்டு பேரு முடியும் பத்திரமா இருக்கட்டும் கண்ணு. என்றது நரைச்சதுதான, இனி யாரு பாக்கப் போறா?" என்று ரொம்ப சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தோசைக் கல்லுக்குத் திரும்பினார். அண்ணன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர், திரும்பி வந்து அம்மா முன்னால் ஹெல்மெட்டைக் கழற்றினார். மொட்டை! நாற்று, பழைய பயிர் எல்லாம் போய், முனைச் சலூனில் சந்தனம் பூசி அனுப்பியிருக்கிறார்கள். "உங்க முடி எதுக்குங்ம்மா? என்றதைக் குடுத்துபோட்டேன்" என்று சொல்லிவிட்டு அழுதார். அம்மாவும் அழுதார். அண்ணியும் அழுதார், அது வேறு காரணத்துக்கு என்று நினைக்கிறேன். என் மாமியாருக்கு போன் போட்டுக் கேட்டோம். "கோயில்ல எடுத்தாத்தானுங் சாமிக்குச் சேரும். சலூன்ல எடுத்தது சலூனுக்குத்தான்" என்று வைத்துவிட்டார்.

கோயிலில் கொடுக்க அண்ணன் தலையில் இனி ஒன்றும் இல்லை. ரித்விக் கொஞ்ச நேரம் அண்ணன் மண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் கையிலிருந்த அக்ஷிதாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவ இங்கயே உக்காரட்டுமுங்க்கா. நானே குடுக்கறேன்" என்றான். கருமத்தம்பட்டிக்கும் அவனே போன் போட்டு, மொட்டைத் தலையோடுதான் இருப்பேன், பார்க்க வருகிறவர்கள் வரலாம் என்று சொல்லிவிட்டான். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறான், காது மட்டும் சிவந்துபோயிருக்கிறது. என் குழந்தைக்குச் சுத்தமான மடி கிடைத்துவிட்டது, பெத்தம்மா. நான் நிம்மதியாக இருக்க வேண்டியவள்தான்.

ஆனால் இப்போது ரித்விக், கடைக்குப் போய்விட்டு வாரேன் என்று செருப்பைத் தேடுகிறான். எதற்கு என்றால் ஷாம்பு வாங்க என்கிறான். மொட்டை அடிக்கப் போகிறவனுக்கு ஷாம்பு எதற்கு? அண்ணனைப் போல இவனும் பாசம் பொங்கி அந்தச் சலூனுக்குள் நுழைந்துவிட்டால், வேண்டுதலுக்கு என்னிடம் வேறு தாய்மாமன் இல்லை. அதனால் முகூர்த்தம் முடியும் வரை தலையில் முடியுள்ள எந்த ஆண்பிள்ளையும் இந்த வீட்டை விட்டுத் தனியாக வெளியே போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன். கேட்டில் என் வீட்டுக்காரரைக் காவலுக்கு உட்கார வைத்திருக்கிறேன். அவருக்கும் தலை நிறைய முடி இருக்கிறது. அதனால் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.